தரங்கம்பாடிச் சபையும் அதன் வரலாற்றாசிரியரும்

தரங்கம்பாடி லூதரன் சபையின் கதை தமிழில் பலமுறை கூறப்பட்டுள்ளது. விழா மலர்களும் பாதிரிமாரின் வாழ்க்கை வரலாறுகளும் அச்சுக்கலை பற்றிய கட்டுரைகளும் அதனைத் திரும்பத் திரும்பக் கூறியுள்ளன. கூறும் முறை பெரும்பாலும் ஒன்றே. 1706ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி சீகன்பால்கும் புளுட்சோவும் கரையிறங்கினர், தமிழ் கற்றனர், பள்ளிகள் திறந்தனர், அச்சகம் நிறுவினர். ஒரு பாதிரியாரின் மறைவோடு ஓர் அத்தியாயம் முடிய, மற்றொருவரின் வருகையோடு அடுத்தது தொடங்குகிறது. இவ்வரிசையில் காணாமற்போவது சபையே. சபை என்பது கட்டடமன்று; அதில் வந்து அமர்ந்த மக்கள். அவர்கள் யார், எங்கே அமர்ந்தனர், எவருக்கு அருகில் அமர மறுத்தனர் என்ற வினாக்களை எழுப்பாத எழுத்து வரலாறாகாது, வாழ்த்துப்பா ஆகும்.

முதல் வினாவிலிருந்தே தொடங்குவோம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம்பெற்று டேனிய வணிகர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். தங்கள் வழிபாட்டுக்கென 1701இல் சீயோன் ஆலயத்தையும் எழுப்பினர். அது கம்பனியாரின் கோயில். டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரடெரிக் அனுப்பிய மிஷனரிமார் வந்த பின்னர், 1707 மே 12ஆம் திகதி முதன்முதலாக ஐவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வைவரும் டேனிய எசமானருக்குச் சொந்தமான அடிமைகள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர்களுக்கும் பின்வந்தோருக்குமாக எருசலேம் ஆலயம் பிரதிட்டை செய்யப்பட்டது; இன்று நாம் காணும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. ஒரே மன்னன், ஒரே மதம், ஒரே சிற்றூர். ஆயினும் எசமானருக்கு ஒரு கோயில், ஏனையோருக்கு வேறொன்று. சபையின் வரலாறு இந்த முரண்பாட்டிலேயே தொடங்குகிறது.

இம்முரண்பாடு விரைவிலேயே வெளிப்பட்டது. கம்பனியின் கண்ணில் அடிமை என்பவன் உடைமை. அவனுக்கு ஓர் ஆன்மா உண்டென்று கூறுவோன் உடைமையில் கைவைக்கிறான். 1708இன் இறுதியில் டேனியத் தளபதி ஹாசியஸ் சீகன்பால்கைக் கைதுசெய்து கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தான். மன்னனின் ஆணைபெற்று வந்த பாதிரியை மன்னனின் கொடிக்கீழ் வாழ்ந்த தளபதியே சிறையிட்டான். வரலாற்றாசிரியர் பலர் இதனை ஒரு தனிமனிதனின் முரட்டுக் குணமாகக் காட்டி அமைகின்றனர். வணிக நலனுக்கும் சமய இலட்சியத்துக்கும் இடையிலான மோதல் இதில் இருப்பதை அவர்கள் ஏனோ காண்பதில்லை.

அச்சகத்தின் பெருமையை நாம் குறைக்க வேண்டியதில்லை. 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சேறின. ஆயினும் ஒரு நூலின் வரலாறு அச்சகத்தோடு முடிவதில்லை. வாசகனிடத்திலேயே அது நிறைவு பெறுகிறது. அவ்வாசகருள் ஒருவர் இராஜநாயக்கன். பறையர் குலத்தவர், தஞ்சை அரசனின் படையில் பணிபுரிந்தவர், கத்தோலிக்கராக வளர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷ நூல் அவர் கைக்கு எட்டியது. அதனைப் படித்தே அவர் லூதரன் சபையை நாடி வந்தார். பின்னர் உபதேசியாராகி நெடுங்காலம் தஞ்சை நாட்டில் உழைத்தார். அச்சு எழுத்து ஏட்டுச்சுவடியின் வேலியைத் தாண்டி, கல்வி மறுக்கப்பட்ட குலத்தவன் ஒருவனின் கையை அடைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும் நூல் திறந்த கதவைச் சபை திறக்கவில்லை. 1733 டிசெம்பர் 28ஆம் திகதி ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியரான முதல் புரட்டஸ்தாந்து குரு இவரே, வேளாளர். அடுத்து 1741இல் தியாகு பட்டம் பெற்றார். இராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டதாயினும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. தகுதியில் குறை காணப்பட்டமையால் அன்று. அவர் கையால் நற்கருணை பெற மேற்சாதியினர் கூசுவர் என்று மிஷனரிமார் அஞ்சியமையால். விழா மலர்கள் ஆரோனைக் கொண்டாடுகின்றன, அது நியாயமே. இராஜநாயக்கனை விசுவாசமுள்ள உபதேசியார் என்று ஒரு வரியிற் புகழ்ந்து கடந்துவிடுகின்றன. அவர் ஏன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார் என்ற வினாவில்தான் சபையின் உண்மை வரலாறு அடங்கியுள்ளது.

இவ்வினா தரங்கம்பாடியோடு நிற்கவில்லை. அங்கிருந்து கிளைத்த தஞ்சைச் சபையில் அது இலக்கியப் பிரச்சினையாகவே உருவெடுத்தது. அச்சபையின் பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். குறவஞ்சி என்னும் மக்கள் விரும்பிய நாடக வடிவத்தை எடுத்து, அதில் கிறித்தவப் பொருளோடு புதிய வானியலையும் புவியியலையும் புகுத்திப் பெத்லகேம் குறவஞ்சியைப் படைத்தவர். உருவத்திலும் உள்ளடக்கத்திலும் துணிவு காட்டிய கலைஞர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை.

1820களின் இறுதியில், தஞ்சைச் சபையைப் பொறுப்பேற்ற ஆங்கில மிஷனைச் சேர்ந்த புதிய பாதிரிமார் ஆலயத்தில் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது, அதே கவிஞர் எதிர்த்து எழுதினார். அவரும் அவரைச் சார்ந்த வேளாளரும் எழுப்பிய முறைப்பாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை: பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர், தமிழிசைப் பாடல்களை விலக்குகின்றனர், விழாக்களில் மலர்களைத் தடுக்கின்றனர், சாதிகளைக் கலக்கின்றனர். முதல் மூன்றிலும் நியாயம் உண்டு. தமிழனின் இசையையும் மலரையும் அஞ்ஞானமென ஒதுக்கிய அந்நியரின் ஆணவத்தை நாமும் கண்டிப்போம். ஆனால் நான்காவது முறைப்பாடு பண்பாட்டைக் காப்பதன்று, ஆசனத்தைக் காப்பது. நான்கையும் ஒரே மூச்சில் கூறியதன் மூலம் சாதியுரிமை பண்பாட்டுரிமையின் ஆடையை அணிந்துகொண்டது. மரபு என்ற சொல்லின் நிழலில் எவரெவர் ஒதுங்குவர் என்பதை, 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை அறிந்தோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சாஸ்திரியாரைத் தூற்றுவதும் விமர்சனமன்று. அவருடைய சாதிப்பற்றை மறைத்துப் போற்றுவதும் விமர்சனமன்று. குறவஞ்சியை எழுதிய கையும் கலப்பை எதிர்த்த கையும் ஒன்றே. அவரது கலைக்கு ஊற்றாயிருந்த சமூக வாழ்வே அதற்கு எல்லையும் வகுத்தது என்பதை எடுத்துக்காட்டுவதே நமது பணி.

பின்னர் நடந்தது சுருக்கமாகக் கூறத்தக்கது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சாதியைத் திருச்சபையினின்று முற்றாக நீக்குமாறு கட்டளையிட்டார். மனம் கசந்தோர் பலர் வேறு புகலிடம் தேடினர். 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன் அவர்களுக்கு இடமளித்தது. அதன் தலைவர் கிறவுல், திருக்குறளை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்த அறிஞர். சாதி சமூக ஒழுங்கேயன்றிச் சமயக் குற்றமன்று என வாதிட்டவரும் அவரே. குறளைப் பெயர்த்தவருக்குப் பிறப்பொக்கும் என்ற கருத்து தெரியாதிருக்க வழியில்லை. தெரிந்தும் சபையின் எண்ணிக்கையே வென்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபை உருவாயிற்று; அதன் பேராயர் பீடத்தில் முதல் இந்தியராக இராஜா மாணிக்கம் அமர்ந்தது 1956இல், முதல் மிஷனரிமார் வந்து 250 ஆண்டுகள் கழித்து.

அந்நிய ஆதிக்கத்திற்கு எதிரான குரலும் சாதி ஆதிக்கத்திற்கு எதிரான குரலும் இச்சபையில் ஒன்றுசேரவில்லை. பாதிரியின் ஆணவத்தை எதிர்த்தோர் தம் சாதியைக் காத்தனர். சாதியை எதிர்த்த பாதிரிமாரோ மக்களின் பண்பாட்டை மதிக்கவில்லை. இவ்விரு தரப்புக்கும் இடையில் தரையில் அமர்ந்திருந்தோரின் குரலை எவரும் முதன்மையாகக் கேட்கவில்லை. அதற்கான சான்றுகள் அழிந்துவிடவில்லை. மிஷனரிமார் ஹாலேக்கு அனுப்பிய அறிக்கைகளில், பிறரைப் பற்றிய வரிகளுக்கிடையே, அவர்கள் இருக்கின்றனர். அவற்றை மீண்டும் படித்து, ஆரோனுக்கு அருகில் இராஜநாயக்கனையும், சீகன்பால்குக்கு முன்னே அவ்வைந்து அடிமைகளையும் நிறுத்தும் வரலாற்றை எழுதுவது, சபையினரின் கடன் மட்டுமன்று. தமிழ்ச் சமூக வரலாற்றில் அக்கறை கொண்ட ஆசிரியர், மாணவர் அனைவரின் கடனுமாகும்.