பட்டைகளின் நெகிழ்வு

1985-இல் வந்த மாருதி ஜிப்ஸிக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங்தான். ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மற்றவை தரையை விடாதிருக்க, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துருவும் சேறும் அதைத் தடுக்கின்றன.

ஸ்பிரிங் பட்டைகளின் கட்டைப் பிரித்து, கம்பி பிரஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, இறுகிய ஷேக்கிள் புஷ்களை மாற்றிப் பாருங்கள். பழைய இரும்புக்கு உயிர் வந்துவிடும். வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் சக்கரங்களின் தனி அசைவையும் கட்டுப்படுத்தும்; அது உள்ள வண்டியில், பாறைப் பாதையில் மட்டும் அதை விடுவிக்கலாம். தார்ச்சாலைக்கு வருமுன் மாட்டிவிட வேண்டும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புதிய பாகங்களைக் குவிப்பதைவிட, இருக்கும் பாகத்தை அதன் முழு வீச்சுக்கு வேலை செய்ய விடுவதே உயர்ந்த கைவினை.