பண்ணை அட்டையின் பேறுகாலம்

மருத்துவ அட்டை வாழ்வது தண்ணீரில். கருக்கூடு கட்ட மட்டும் கரையேறும். அட்டைப் பண்ணைக்காரர்களின் பாட்டில் பாதி இந்தப் பழக்கத்தால் வருவது. இணைசேர்ந்த அட்டைகளை ஈரமான பீட் (சதுப்பு மட்கு) மண் பரப்பிய பெட்டிக்கு மாற்றுகிறார்கள். அட்டை மண்ணைக் குடைந்து உள்ளே போய், உடலைச் சுற்றி நுரையைச் சுரந்து, அதற்குள் முட்டைகளை விட்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழன்றுகொள்ளும். நுரை இறுகியதும் பஞ்சு போன்ற பழுப்புக் கூடு கிடைக்கும். மண்ணில் நீர் தேங்கினால் கருவுக்கு மூச்சு முட்டும். காய்ந்தால் கூடு சுருங்கிவிடும்.

இதோடு ஒப்பிட்டால் வெப்பமும் தீனியும் எளிது. இயற்கையில் கோடையில் மட்டும் நடக்கும் இனப்பெருக்கம், நீரை 25 டிகிரி வாக்கில் வைத்து வயிறாரத் தீனி போட்டால் ஆண்டு முழுதும் நடக்கிறது. குடல் உறையில் அடைத்த வெதுவெதுப்பான கால்நடை ரத்தம்தான் தீனி. குளத்தில் பருவமடைய இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும் அட்டை பண்ணையில் வெகு சீக்கிரம் தயாராகிவிடும். தாய் பருத்திருந்தால் கூடும் கூடுதல், குஞ்சும் கூடுதல்.

இந்த வேகத்தைக் குறை சொல்லுமுன் பழைய கதையையும் பார்க்க வேண்டும். 1833-இல் மட்டும் பிரான்ஸ் நாலு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. ஐரோப்பியச் சதுப்புகள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. போர்தோ பக்கத்தில் அட்டை வளர்த்தவர்கள் கிழட்டுக் குதிரைகளைச் சதுப்பில் இறக்கி ரத்தம் கொடுத்தார்கள். அந்தக் கொடுமைக்குக் குடல் உறை எவ்வளவோ மேல். வேட்டையின் நெருக்கடியைப் பண்ணை குறைக்கிறது என்பதே அதன் முதல் நியாயம். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு உறுத்துவது கணக்கெடுக்கும் விதம். கூடு எத்தனை, பொரிந்தது எத்தனை என்பதோடு வெற்றிக் கணக்கை முடித்துவிட்டால், குஞ்சு என்ன எடையில் வந்தது, முதல் இரையைக் குடித்ததா, கூடு கட்டி எடையிழந்து துவண்ட தாய் பிழைத்ததா என்பவை விடுபட்டுப்போகும். மருத்துவமனைக்குத் தேவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிடிப்பாகக் கடிக்கிற அட்டை. பொரிந்த கூட்டத்தின் அளவு அதற்கு உத்தரவாதம் ஆகாது.

தீனியிலும் ஒரு வினை ஒளிந்திருக்கிறது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் பாக்டீரியா இயல்பாகவே குடியிருக்கும். தீனி ரத்தத்தில் சிப்ரோஃப்ளோக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சொற்ப அளவு கலந்திருந்தாலே போதும், அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியா பெருகிவிடும் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அட்டைச் சிகிச்சையில் தொற்றைத் தடுக்க மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுப்பதும் அதே மருந்துதான்! கூடுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் தீனியை மதிப்பிட்டால் இந்த ஆபத்து கண்ணில் படவே படாது.

இனக்குழப்பம் வேறு. ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற பெயரில் விற்கப்பட்டவை உண்மையில் ஹிருடோ வெர்பனா என்று 2007-இல் மரபணுச் சோதனை சொன்னது. அதற்கு முன் வணிக அட்டைகளை வைத்து எழுதப்பட்ட இனப்பெருக்கக் கணக்குகள் எந்த இனத்துக்குரியவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் அட்டைவிடல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் எடுப்பது ஹிருடினேரியா வகை. இங்கே பண்ணை போடுகிறவர் ஐரோப்பிய வெப்பநிலைப் பட்டியலையும் பீட் பெட்டியையும் அப்படியே இறக்குவதற்கு முன், நம் குளத்து அட்டை எந்த மாதத்தில், எந்த மண்ணில் கூடு கட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.