ஃபைனல் ஃபேன்டஸி 14: சலித்தவர்கள் வந்து சேர்ந்த விளையாட்டு

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்பது ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி நடத்திவரும் பல்பயனர் இணைய விளையாட்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில், தாம் உருவாக்கிய கதைமாந்தர்கள் வழியாக ஒரே நேரத்தில் ஆடும் இவ்வகை விளையாட்டுகள் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் எம்.எம்.ஓ. எனப்படுகின்றன. இதன் முதல் வடிவம் 2010 செப்டம்பர் 30 அன்று வெளியாகித் தோல்வியடைந்தது. முழுவதும் திருத்தி அமைக்கப்பட்ட இரண்டாம் வடிவம் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற துணைப்பெயருடன் 2013 ஆகஸ்ட் 27 அன்று வெளிவந்தது. எம்.எம்.ஓ. வகையே போதும் என்று விலகியவர்கள் பலர் பின்னர் வந்து சேர்ந்த இடமாக இவ்விளையாட்டு அறியப்படுகிறது. அவர்களுடைய சலிப்பு எங்கிருந்து வந்தது, இவ்விளையாட்டு அதற்கு எந்த அளவுக்கு மருந்தாக அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சலிப்பின் வரலாறு

இவ்வகையின் மூதாதை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978இல் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற எழுத்து வடிவ விளையாட்டு. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தது: சாதிக்க விரும்புவோர், உலகைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர், பழக விரும்புவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர். இவர்களில் பின்னிருவருக்கும் மற்ற மனிதர்கள் இல்லாமல் விளையாட்டே இல்லை. முன்னிருவருக்கு மனிதர்கள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் பார்ப்பதற்கு யாரும் இல்லாத ஊரில் பெற்ற பதக்கத்துக்கு மதிப்பு ஏது?

1999இல் வந்த எவர்குவெஸ்ட் மிகக் கடுமையான விளையாட்டு. கதைமாந்தர் இறந்தால் உடைமைகளுடன் உடல் அந்த இடத்திலேயே கிடக்கும். அதை மீட்கப் பெரும்பாலும் பிறர் உதவி வேண்டும். ஆபத்தான இடத்தில் உதவிய ஒருவரை யாரும் எளிதில் மறப்பதில்லை. 2004 நவம்பரில் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இந்தக் கடுமையைக் குறைத்தது. உச்ச நிலை வரை ஒருவர் தனியாகவே வளர முடிந்தது. சந்தாதாரர் எண்ணிக்கை 2010இல் 1.2 கோடியை எட்டியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். ஆனால் நிக்கோலா டுஷ்னோ, நிக் யீ முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விந்தையைச் சுட்டியது. இவ்விளையாட்டை ஆடுபவர்கள் கூட்டத்தின் நடுவே தனியாக ஆடுகிறார்கள். மற்றவர்கள் அவர்களுக்குத் தோழர்கள் என்பதைவிடப் பார்வையாளர்கள்.

2009 டிசம்பரில் அதே விளையாட்டில் குழு அமைக்கும் தானியங்கி வசதி வந்தது. டன்ஜன் எனப்படும் நிலவறைப் போருக்கு ஆள் தேடிக் கூவ வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சேவையகங்களிலிருந்து நால்வரைக் கணினியே சேர்த்துக் கொடுக்கும். நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் அந்த நால்வரும் மீண்டும் சந்திக்கப் போவதில்லை. முறைகேடாக நடந்துகொண்டவருக்கு ஊரில் கெட்ட பெயர் இல்லை, நன்றாக நடந்துகொண்டவருக்கு நல்ல பெயரும் இல்லை. பேருந்து நிலையத்துக்கும் தெருமுனைத் தேநீர்க் கடைக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டிலும் கூட்டம் இருக்கிறது. ஒன்றில் மட்டுமே ஆளைத் தெரியும்.

சலித்துப்போனவர்கள் பெரும்பாலும் தமக்குப் புதுமை தேவை என்று எண்ணினார்கள். நிறுவனங்களும் அப்படியே எண்ணின. 2011இல் ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக், 2012இல் கில்ட் வார்ஸ் 2, 2014இல் வைல்ட்ஸ்டார் என வரிசையாக வந்தன. இவற்றில் வைல்ட்ஸ்டார் பழைய கடுமையை மீட்பதாக வாக்களித்து, நாற்பது பேர் சேர்ந்து ஆடும் பெரும் போர்களை முன்னிறுத்தியது. 2018 நவம்பரில் மூடப்பட்டது. கடுமை மட்டும் திரும்பி வந்தால் போதாது என்பதற்கு அது சான்று. கடுமை ஏன் மனிதர்களை நெருக்கமாக்கியது என்பதை அதை உருவாக்கியவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தோல்வியும் மறு உருவாக்கமும்

2010இன் முதல் வடிவம் அழகில் குறையில்லாதது. குறை அந்த அழகிலேயே இருந்தது. ஒரு பூந்தொட்டியை வரைய ஒரு கதைமாந்தரை வரையும் அளவு கணினித் திறன் செலவானது என்று பின்னாளில் இயக்குநர் நவோகி யோஷிடாவே மேடையில் எடுத்துச் சொன்னார். நிறுவனம் சந்தா வசூலை நிறுத்தி வைத்தது. 2010 டிசம்பரில் பொறுப்பாளர்கள் மாற்றப்பட்டு யோஷிடா தலைமைக்கு வந்தார். பழைய விளையாட்டைத் திருத்தி நடத்திக்கொண்டே புதிய விளையாட்டை மறைவில் எழுதும் இரட்டை வேலையை அவர் குழு மேற்கொண்டது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டை ஆடிப் பாருங்கள் என்று தம் குழுவினருக்கு அவர் சொன்னதும் குறிப்பிடத்தக்கது. போட்டியாளரின் பாடத்தைப் படிக்க வெட்கப்படாதது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று.

2012 நவம்பர் 11 அன்று பழைய உலகம் மூடப்பட்டது. மூடிய விதம்தான் இன்றும் பேசப்படுகிறது. கதைக்குள் வானிலிருந்து ஒரு சிறு நிலவு இறங்கிவந்து பிளக்க, உள்ளிருந்து பஹமுத் என்ற பேருருவம் வெளிப்பட்டு உலகை எரிக்கிறது. அதன் பிறகு சேவையகங்கள் நின்றன. நிறுவனத்தின் தோல்வி கதையின் பேரழிவாக மாற்றப்பட்டது. புதிய வடிவத்தின் மக்கள் அந்த நாளை நினைவு வைத்திருக்கிறார்கள். தோல்வியை மறைக்காமல் வரலாற்றுப் பாடத்தில் சேர்த்துவிட்ட நிறுவனங்கள் இத்துறையில் அரிது.

இதன்பின் வந்த விரிவாக்கங்கள் ஹெவன்ஸ்வர்டு (2015), ஸ்டார்ம்பிளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்ட்ரெய்ல் (2024). 2021 கோடையில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டிலிருந்து பெரும் கூட்டம் இங்கு வந்தது. அந்த டிசம்பரில் நெரிசல் தாங்காமல் நிறுவனம் தன் விளையாட்டின் விற்பனையையே நிறுத்தியது. 2022 ஜனவரி இறுதியில்தான் மீண்டும் விற்றது.

புதியவருக்கு ஒரு முளை

இவ்விளையாட்டிலும் குழு அமைக்கும் தானியங்கி வசதி உண்டு. அறிமுகமற்ற நால்வர் சேர்கிறார்கள்: அடி தாங்கும் டேங்க் ஒருவர், காயம் ஆற்றும் ஹீலர் ஒருவர், தாக்குபவர் இருவர். போர் முடிந்ததும் பிரிகிறார்கள். அமைப்பு அதேதான் என்றால், பேருந்து நிலையம் ஏன் இங்கே ஓரளவு தேநீர்க் கடையாக இருக்கிறது?

விடை சிறிய ஏற்பாடுகளில் இருக்கிறது. பத்தாண்டுப் பழைய நிலவறைக்கும் மூத்த ஆட்டக்காரர்களை அனுப்பி, அன்றாட வெகுமதி தரும் சுழற்சி முறை ஒன்று உண்டு. மூத்தவரின் வலிமை அந்த நிலவறைக்கு ஏற்ற அளவுக்குத் தானாகக் குறைக்கப்படும். ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர் ஆளில்லாமல் காத்துக் கிடப்பதில்லை, வல்லவர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் முடித்துவிடுவதும் இல்லை. குழுவில் ஒருவர் அந்த நிலவறைக்கு முதல்முறையாக வந்திருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதி. இந்த விதியே முக்கியமானது. வேறிடங்களில் தெரியாதவர் ஒரு சுமை. அவரால் நேரம் வீணாகும். இங்கே அவர் வரவால் எல்லோருக்கும் ஆதாயம். புதியவரின் பெயருக்கு அருகே ஒரு சிறு முளை தெரியும். அதைக் கண்டதும் வழி சொல்லத் தொடங்குபவர்கள் பலர். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பவனுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்று அறிவித்தால் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ஆட்ட முடிவில் நால்வரில் ஒருவரைப் பாராட்டிப் புள்ளி கொடுக்கலாம்; தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

இதைப் பண்பு என்று சொல்வதா, கூலி என்று சொல்வதா என்று கேட்பவர் உண்டு. கூலியில் தொடங்கினாலும் பழக்கம் பண்பாகிறது என்பதே சரியான பார்வை. வெகுமதி இல்லாத இடங்களிலும் வணக்கம் சொல்லித் தொடங்கி நன்றி சொல்லிப் பிரியும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. ஜப்பானியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் ஒரே குழுவில் சேரும்போது உதவ, முன்கூட்டியே மொழிபெயர்த்து வைக்கப்பட்ட சொற்கோவை உண்டு. ஒருவர் தேர்ந்தெடுக்கும் தொடர் மற்றவர் திரையில் அவரவர் மொழியில் தோன்றும். தமிழ் அதில் இல்லை. தரவு மையங்களும் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா பகுதிகளிலேயே உள்ளன. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆடுபவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு சற்றுத் தாமதத்துடன் ஆட வேண்டும்.

சலித்தவருக்கு உகந்த இன்னொன்று, ஒரே கதைமாந்தர் எல்லாத் தொழில்களையும் கற்கலாம் என்பது. கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் தொழில் மாறும். முதல் தேர்வு தவறாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய தண்டனை இல்லை.

குறைகள்

முதல் குறை நீளம். புதிய பகுதிகளைத் திறக்க முதன்மைக் கதையை வரிசையாக முடித்தே ஆக வேண்டும். 'எ ரெல்ம் ரீபார்ன்' பகுதியில் கடிதம் கொடுப்பது, மூட்டை தூக்குவது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செய்தி சொல்வது என்று கதை நகர மறுக்கிறது. 2020 ஆகஸ்டில் நிறுவனமே இதில் ஒரு பகுதியை வெட்டிக் குறைத்தது. போதாது. நண்பர் அழைத்து உள்ளே வந்தவர், அந்த நண்பர் ஆடும் இடத்தை அடையவே பல மாதங்கள் ஆகிவிடும். ஷேடோபிரிங்கர்ஸ் கதை இவ்வகையிலேயே சிறந்த எழுத்துகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அதைச் சுவைக்க இவ்வளவு நீண்ட வரிசையில் நிற்கச் சொல்வது நியாயம்தானா என்பதில்தான் ஐயம்.

இலவச முன்னோட்டம் தாராளமானது. 2023 முதல் 70ஆம் நிலை வரை, ஸ்டார்ம்பிளட் உட்பட, கால வரம்பின்றி ஆடலாம். ஆனால் அதில் இருப்பவர் எந்த ஆட்டக்காரர் சங்கத்திலும் சேர முடியாது, சந்தையில் வாங்கவும் விற்கவும் முடியாது. பொய்க் கணக்குகளைத் தடுக்க இவை தேவை என்பது புரிகிறது. எனினும் மனிதர்களைத் தேடி வந்தவரிடம் மனிதர்களை மட்டும் பூட்டி வைப்பது போல ஆகிறது.

இதைவிடக் கவலைக்குரியது, 2022 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக வந்த மாற்றம். முதன்மைக் கதையின் நால்வர் நிலவறைகளை இப்போது கணினி இயக்கும் துணைவர்களுடன் தனியாகவே ஆடி முடிக்கலாம். கூச்சமுள்ளவருக்கும், பிள்ளை அழுதால் எழுந்துபோக வேண்டிய தாய்க்கும் இது உண்மையான உதவி. இதைக் குறை சொல்வது எளிதல்ல. ஆனால் முளை தாங்கிய புதியவர்தான் மேலே சொன்ன பழக்கத்தின் ஊற்று. அவர் கணினித் துணைவர்களுடன் போய்விட்டால் மூத்தவர்கள் மூத்தவர்களுடனேயே பேச்சின்றி ஓடி முடிப்பார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2009இல் நடந்த பாதையில் இவ்விளையாட்டும் ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறது.

வேறு விளையாட்டுகளையும் ஆடுங்கள், புதிய பகுதி வரும்போது திரும்பி வந்தால் போதும் என்று யோஷிடா நேர்காணல்களில் பலமுறை கூறியிருக்கிறார். சந்தாவில் வாழும் விளையாட்டின் இயக்குநர் இப்படிச் சொல்வது அபூர்வம். விளையாட்டின் அமைப்பும் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருக்கிறது. இடைவெளிக்குப் பின் வருபவர் சில நாட்களில் ஈடுகட்டிவிடலாம். விதிவிலக்கு வீடு. மனைகள் குறைவு என்பதால் குலுக்கல் முறையில் தரப்படுகின்றன. மனை பெற்றவர் 45 நாட்கள் வீட்டுக்குள் நுழையாவிட்டால் வீடு தானாக இடிக்கப்படும். அடுக்குமாடி அறைகளுக்கு இவ்விதி இல்லை. பேரிடர்களின்போது இந்தக் கணக்கை நிறுவனம் நிறுத்தி வைத்ததுண்டு. தேர்வுக்குப் படிப்பவருக்கோ மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கோ அந்தச் சலுகை கிடையாது. இடிக்கப்பட்ட வீட்டின் பொருட்களை 35 நாட்களுக்குள் வந்தால் மீட்டுக்கொள்ளலாம். மனை வேறொருவருக்குப் போய்விடும்.