விரலுக்கு வரைவது

கண்டி டவுனில் ஏடிஎம் ஒன்றில் அட்டையைச் செருகினால் பெரும்பாலும் முதலில் வருவது மூன்று பொத்தான்கள்: சிங்களம், தமிழ், ஆங்கிலம். அந்த முதல் திரையை யாராலும் கெடுக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரே சொல், மூன்றும் ஏறக்குறைய ஒரே அகலம். அடுத்த திரையில்தான் வண்டவாளம் வெளிவரும். தமிழைத் தொட்டவருக்குப் பல இடங்களில் எழுத்து திடீரென்று சிறுத்திருக்கும். அல்லது இரண்டாம் வரிக்கு இறங்கி, பெட்டியின் ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி மேல்விளிம்பில் பாதி வெட்டுப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துப் பெட்டி செய்து, பிறகு அதற்குள் தமிழைத் திணித்த கை எது என்று ஊகிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

பொத்தானைப் பற்றியெல்லாம் ரசனைக் கட்டுரையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். சுவரில் மாட்டிய ஓவியத்தைக் கண் பார்த்தால் போதும். திரையில் வரைந்ததை விரல் தொடும், மறுபடி தொடும், பொறுமையிழந்து இரண்டு தரம் தட்டும். தட்டியபோது அது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு நல்ல பொத்தானுக்குச் சும்மா இருக்கும் முகம் ஒன்று, அழுத்தும்போது ஒன்று, விசைப்பலகையால் நகர்ந்து வந்து சேரும்போது ஒன்று, ‘இப்போது நான் வேலை செய்யமாட்டேன்’ என்று சொல்லும் மங்கல் முகம் ஒன்று. நான்கும் ஒரே ஆளின் முகங்களாகத் தெரிய வேண்டும். இதில் மங்கல் முகத்தை ஒழுங்காக வரையத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எழுத்தே வாசிக்க முடியாதபடி வெளிறடித்துவிடுகிறார்கள். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்றே பாவனையாளருக்குத் தெரிவதில்லை. இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற ஒளிவேறுபாட்டைக் கேட்கின்றன. செயலற்ற பொத்தானுக்கு மட்டும் விலக்குத் தருகின்றன. நெறி விலக்கினாலும் என் ரசனை விலக்குவதில்லை.

அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளைப் பழகியவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். அதில் பொத்தான் செய்யப் போனால் நான்கு கட்டங்கள் திறக்கும்: அப், ஓவர், டவுன், ஹிட். முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரியும் தோற்றங்கள். நான்காவது யாருக்கும் தெரியாது. விரலோ சுட்டியோ எந்தப் பரப்பில் பட்டால் அழுத்தியதாகக் கணக்கு என்பதை அந்தக் கட்டத்தில் வரைவார்கள். புதிதாகப் பழகுபவர்கள் வெறும் எழுத்தை மட்டும் வைத்துவிட்டு நான்காவதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அப்போது ‘ம’வின் குழிக்குள் சுட்டி விழுந்தால் பொத்தான் அணைந்துவிடும், ஒரு மயிரிழை நகர்ந்தால் எரியும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். தெரியாத ஒன்றையும் வரைய வேண்டும் என்று மாணவனுக்குக் கற்பித்த அந்தக் கட்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி ஆதரவை நிறுத்தியது. நான்காவது கட்டம் மட்டும் வேறு பெயரில் பிழைத்துக்கொண்டது: ஆப்பிள் தன் வழிகாட்டியில் தொடுபரப்பு 44 புள்ளிக்குக் குறையக்கூடாது என்கிறது, கூகுளின் மெட்டீரியல் டிசைன் 48 அலகு கேட்கிறது. ஐகன் சின்னதாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள, கண்ணுக்குப் படாத வெளி சின்னதாக இருக்கக்கூடாது.

இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த வேலை ஒன்பது துண்டு வெட்டு. விளையாட்டு மென்பொருளுக்குப் பொத்தானும் உரையாடல் பெட்டியும் வரைபவர்கள் தினமும் செய்வது இது. வரைந்த பெட்டியின் மேல் நெடுக்கில் இரண்டு கோடு, குறுக்கில் இரண்டு கோடு. ஒன்பது துண்டு. நான்கு மூலைகளும் அளவு மாறக்கூடாது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அகலவாக்கில் மட்டும் நீளலாம், பக்க விளிம்புகள் உயரவாக்கில் மட்டும். நடுத்துண்டு எந்தப் பக்கமும் விரியலாம். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்ட ஓவியரின் கை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். பூவேலை, கொடிச்சுருள், ஆணித்தலை எல்லாம் மூலைக்குப் போகும். விளிம்பின் நடுவில் ஆசையாக ஒரு பூ வைத்தால், பெட்டி நீளும்போது அந்தப் பூ நசுங்கிய தோசையாகிவிடும். அலங்காரத்தை எங்கே வைக்கலாம் என்பதை அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை. நாளைக்கு எவ்வளவு நீளச் சொல் வந்து உட்காரும் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

கண்டிக்காரருக்கு இது புதிய பாடமே இல்லை. கண்டியச் சிற்பத்திலும் ஓவியத்திலும் பலாபெத்தி என்ற தாமரையிதழ் வரிசையை விளிம்பாக ஓட்டுவார்கள். தூண் அகலமானால் இதழை இழுத்து நீட்டமாட்டார்கள். கூடுதலாக இன்னும் சில இதழ்களைச் சேர்ப்பார்கள். இன்றைய மென்பொருளில் விளிம்பை ‘நீட்டு’ என்றும் வைக்கலாம், ‘அடுக்கு’ என்றும் வைக்கலாம். கண்டி ஓவியர்கள் அடுக்குவதைத் தெரிவுசெய்தவர்கள். மகாவலிக்கு அப்பால் தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். சிவப்புப் பின்னணியில் பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது. புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்தின் அதே ஆட்கள் காட்சிக்குக் காட்சி அதே உடையில், அதே பக்கவாட்டு முகத்தோடு மறுபடி மறுபடி வருகிறார்கள். காட்சியும் காட்சியும் ஒட்டாமல் நடுவில் ஒரு மரம் நிற்கிறது. மரத்தையும் முகத்தையும் ஒருதரம் தீர்மானித்துவிட்டு, கதைக்கு ஏற்றபடி இடம் மாற்றி வைக்கும் அந்த நிதானம்தான் இன்றைக்கு ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ‘கம்போனென்ட்’ என்று கற்றுத்தரப்படுவது. 

இந்தக் கண்டியக் கைவினைகளை நுணுக்கமாக எழுதிவைத்தவர் நம்மவர்தான். கொழும்பில் பிறந்து, கனிமவள ஆய்வு அதிகாரியாக இலங்கையைச் சுற்றித் திரிந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை இங்கிலாந்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் வரும் கண்டிய ஓவிய மாணவனுக்குக் கொடுக்கப்பட்ட முதற்பயிற்சியின் பெயர் ‘வக தெக’, அதாவது இரட்டை வளைவு. ஒரு வளைவு போய் எதிர்ப்பக்கம் திரும்பும் ஒரு கோடு. அதைக் கை தவறாமல் இழுக்க வந்த பிறகுதான் இலை, கொடி, அன்னம் எல்லாம். இன்று டிசைன் வகுப்பில் பேனாக் கருவியை எடுத்து, இரண்டு பக்கமும் கைபிடி இழுத்து மாணவன் முதலில் திணறுவதும் அதே வளைவோடுதான். பேனாக் கருவி வரையும் வளைவுக்குப் பெயர் கொடுத்த பியர் பெசியே, ரெனோ கார்களின் உடற்கட்டுக்காக 1960களில் அந்தக் கணக்கைக் கையாண்ட பிரெஞ்சுப் பொறியியலாளர். கார்க்காரரும் விகாரை ஓவியரும் ஒரே கோட்டில் வந்து சந்திப்பதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. தமிழ் எழுத்துகளில் பலவும் இரட்டை வளைவு. ஒரு ‘ஐ’யை, ஒரு ‘இ’யைப் பேனாக் கருவியால் குறைந்த புள்ளிகளில் வரைந்து பாருங்கள், ஒரு மாதத்துப் பயிற்சி அதற்குள் அடங்கும்.

ஐகன் வரைவதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1984 மெக்கின்டோஷ் கணினிக்கு சூசன் கேர் 32க்கு 32 கட்டத்தில் வரைந்தவற்றை இன்றும் மிஞ்ச ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்று மட்டும்: கடிதத்துக்குச் சின்னமாகச் சிலர் இன்னும் கம்பத்தில் நிற்கும், பக்கத்தில் கொடி தூக்கிய அமெரிக்கத் தபால்பெட்டியைப் போடுகிறார்கள். நமக்குத் தெரிந்தது தெருவோரச் சிவப்புத் தூண்பெட்டி. உறையை வரைந்தால் ஒருவருக்கும் சண்டையில்லை.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான டிசைன் கற்கைநெறிகள் கைவிடுகின்றன. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரு நடுப்பட்டைக்குள் அடங்கும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும் எழும்பும், கீழே உகர ஊகாரக் கால் இறங்கும். ஆங்கிலத்துக்கு இதமாக இருக்கும் வரியுயரத்தைத் தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் உரசும். அண்ட்ராய்டின் ரொபோட்டோ எழுத்துருவில் தமிழே கிடையாது. தமிழ் வந்தவுடன் தொலைபேசி நோட்டோ சான்ஸ் தமிழுக்குத் தாவும். அந்தத் தாவலில் வரியின் உயரம் மாறி, பொத்தானுக்குள் சொல் மேலோ கீழோ நகர்ந்ததுபோல் உட்காரும். ஆங்கிலப் பொத்தானில் பெரிய எழுத்தால் அழுத்தம் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. நமக்குப் பெரிய எழுத்து இல்லை. கனத்தாலும் நிறத்தாலும்தான் அழுத்தம். எழுத்துருவில் கனங்கள் போதாவிட்டால் அதற்கும் வழியில்லை. பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கேட்டமரான் எழுத்துரு இந்த வேலைக்கென்றே வந்ததுபோல ஒன்பது கனங்களில் கிடைக்கிறது, இலவசமாக. இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் திரைக்கு அடக்கமான, சத்தம் போடாத எழுத்து. அவருடைய சாய்ந்த கையெழுத்துப் பாணி கவிவனர் தலைப்புக்கு அழகு, பொத்தானுக்குப் போடாதீர்கள்.

விளையாட்டுகளில் நிலைமை இன்னும் சிக்கல். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் பலரும் பாவிக்கும் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தருவதில்லை. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால் சிலர் தமிழ்ச் சொற்களைப் படமாகவே வரைந்து ஒட்டிவிடுகிறார்கள். நீளாத, திருத்த முடியாத படம். உரையாடல் பெட்டியில் தட்டச்சுப் போல ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றவைக்கும் வித்தையும் தமிழில் தடுமாறும். ‘வணக்கம்’ நம் கணக்கில் ஐந்து எழுத்து, யுனிகோட் கணக்கில் ஏழு குறியீடு. குறியீட்டுக்கு ஒன்றாகத் திறந்தால் முதலில் ‘க’ வந்து, பிறகு புள்ளி ஏறி ‘க்’ ஆகும். ஒவ்வொரு மெய்யிலும் சொல் ஒருதரம் விக்கும். எழுத்துக்கு எழுத்து திறக்கச் செய்வது கடினமில்லை. அது தேவை என்று யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்கக்கூடியவர்கள் யார் என்று யோசிக்கும்போதுதான் எனக்கு மஹய்யாவ ஞாபகம் வருகிறது. கட்டுகஸ்தோட்டை ரோட்டில், மாநகரின் மயானத்துக்கு அருகே, கண்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் மாநகரசபைத் தொழிலாளரின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருக்கமாக வாழும் இடம். இங்கே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், ரோட்டில் சிங்களம், கம்ப்யூட்டர் வகுப்பில் ஆங்கிலம். பஸ் பலகையில் ஊர்ப்பெயர் மூன்று எழுத்திலும் எப்படி இடம் பிடிக்கிறது, எது பெரிதாக உட்காருகிறது, எது ஓரத்தில் ஒடுங்குகிறது என்று பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே பார்த்துப் பழகிய கண் அது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பிறகும் திரையில் தமிழ் ஓரத்தில் ஒடுங்குகிறதென்றால், பெட்டியை வரையும் இடத்தில் அந்தக் கண் இல்லை என்பதும் ஒரு காரணம். டிசைன் கற்கப்போகும் மஹய்யாவப் பிள்ளை தன்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைய வேண்டியதில்லை. மற்றவர்கள் நான்காம் மாதத்தில் தடுக்கி விழும் சிக்கலை அவர் முதல் நாளே தெரிந்துவைத்திருக்கிறார்.

விலையுயர்ந்த கணினி இல்லாவிட்டாலும் ஃபிக்மா பிரவுசரிலேயே திறக்கும், தொடங்குவதற்கு இலவசம். ஆயத்தமாகக் கிடைக்கும் பொத்தான் பொதிகளை இறக்கி நிறம் மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். அதில் கை வளராது. ஒரே ஒரு பொத்தானை எடுங்கள். இடத்தை நிரப்ப லத்தீன் பொய்ச்சொற்களைப் போடாமல், ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று முதலில் எழுதுங்கள். அதைச் சுற்றி மூச்சுவிட இடம் விட்டுப் பெட்டியை வரையுங்கள். பிறகு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அதற்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சிரமமில்லாமல் உட்காரும். நான்கு முகங்களையும் வரையுங்கள். நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பலில் பாருங்கள். கடைசியாகத் தொலைபேசியில் ஏற்றி, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலால் தட்டுங்கள். தப்பாமல் பட்டால் அடுத்த பொத்தானுக்குப் போகலாம்.