நாள் குறித்தவர் யார்?

டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள். மாதாகோயில் மணிகள் ஒலிக்கின்றன, விளக்குகள் ஒளிர்கின்றன, விருந்து நடக்கிறது. அன்றுதான் ஏசு பிறந்தார் என்கின்றனர். மகிழ்பவரின் மகிழ்ச்சியைக் குலைப்பது நம் நோக்கமன்று. ஆனால், நாளொன்று புனிதம் என்று கூறப்படும்போது, குறித்தவர் யார், எப்போது, எதை வைத்து என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமை. நரகாசுரன் கதையைத் துருவித் துருவிக் கேட்ட நாம், நாசரேத்தூராரின் பிறந்தநாளைப் பற்றி மட்டும் வாய்மூடி இருப்பது முறையாகுமோ? ஒரு மதத்துக்கு உரைகல், மற்றொரு மதத்துக்குப் பட்டுத்துணி என்று வைத்திருப்பவரல்லர் நாம்!

முதலில் மூலநூலையே கேட்போம். நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் மாற்கும் யோவானும் பிறப்புக் கதையைச் சொல்லவே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்கின்றனர். அவர்கள் ஊர்ப் பெயர் தருகின்றனர். அரசன் பெயர் தருகின்றனர். விண்மீன் வருகிறது, வானவர் வருகின்றனர், நாள் மட்டும் வரவில்லை! திங்களும் இல்லை. இரவிலே வயல்வெளியில் மந்தை காத்த இடையரை லூக்கா காட்டுகிறார். குளிர்காலத்தில் கிடை போடுவரோ என்று ஐயுறுவோர் உண்டு. எனினும், அந்த ஒரு வரியை வைத்துப் பருவத்தை முடிவு கட்டிவிட இயலாது.

தொடக்ககாலக் கிறித்தவரோ இந்த நாளைப் பற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெண்ட், பிறந்தநாளைக் கணக்கிட்டோர் சிலரைக் குறிப்பிடுகிறார். அவர்கள் சொன்ன நாட்கள் ஏப்ரலிலும் மேயிலும் விழுகின்றன. டிசம்பர் 25 அங்கே இல்லை. அவருக்குப் பின் வந்த ஓரிகன் பிறந்தநாள் கொண்டாடுவதையே பழித்தார். வேதநூலில் பிறந்தநாள் விருந்து நடத்தியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகளே. தூயோர் எவரும் நடத்தவில்லை என்பது அவர் வாதம்.

பின் எங்கிருந்து வந்தது இந்த நாள்? ரோமாபுரியிலிருந்து! 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானியப் பஞ்சாங்கத் தொகுப்பு ஒன்று, டிசம்பர் 25-இல் பெத்லகேமில் கிறித்து பிறந்தார் என்று குறிக்கிறது. அதே தொகுப்பின் வேறொரு பகுதியிலே, அதே நாளுக்கு நேரே, 'வெல்லப்படாதவன்' பிறந்தநாள் என்றும், அன்று 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் எழுதியிருக்கிறது. ஒரே ஏடு, ஒரே நாள், பிறந்தநாள் இரண்டு!

இதைக் கண்டதும் மேடையிலே ஒரு முடிவு முழங்கப்படுகிறது. வெல்லப்படாதவன் என்பது கதிரவன். பேரரசன் அவுரேலியன் 274-இல் அவனுக்குக் கோயில் எடுத்தான். ரோமரின் மரபுக் கணக்கில் டிசம்பர் 25-தான் குறுகிய பகல் மீண்டும் வளரத் தொடங்கும் நாள். ஆகவே கதிரவன் விழாவைத் திருச்சபை கவர்ந்துகொண்டது என்பதே அந்த முடிவு. இடைக்காலத்துச் சிரியக் கிறித்தவ ஏடொன்றின் ஓரக்குறிப்பும் இவ்வாறே கூறுகிறது.

கேட்க இனிக்கிறது, நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. அதனாலேயே இருமுறை உரசிப் பார்க்கவேண்டும்! அவுரேலியன் கோயில் எடுத்தது உண்மை. ஆனால், டிசம்பர் 25-இல் அவன் விழா நிறுவினான் என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. அந்த நாளில் வெல்லப்படாதவனுக்கு விழா என்பதற்குத் தெளிவான முதற்சான்று, நாம் மேலே சொன்ன அதே ஏடுதான். அதிலும், கிறித்து பிறப்பைக் குறிக்கும் பகுதி 336-லேயே தொகுக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கணிப்பு. சிரிய ஓரக்குறிப்போ, பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. யார் யாரிடமிருந்து எடுத்தனர் என்று இவற்றைக்கொண்டு தீர்ப்பளிப்பது எங்ஙனம்? சான்றின்றிப் புராணிகர் பேசினால் நகைக்கிறோம்; சான்று தேயுமிடத்தில் நம் பேச்சாளர் முழங்கினால் கைதட்டலாமோ?

மற்றொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியாரும் வரலாற்றறிஞருமான லூயி துஷேன் அதனை 1889-இல் எடுத்துரைத்தார். ஏசு இறந்தது மார்ச் 25 என்று தெர்த்துலியன் காலத்திலேயே கணித்திருந்தனர். தூயவர் வாழ்வு முழு ஆண்டுகளாக நிறையவேண்டும். எனவே கருவான நாளும் அதுவே. அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் டிசம்பர் 25! கீழைநாட்டார் சிலர் ஏப்ரல் 6-இலிருந்து எண்ணினர்; சனவரி 6-இல் வந்து நின்றனர். அகஸ்தீனும் கருவான நாளையும் இறந்த நாளையும் ஒன்றாக்கியே எழுதியிருக்கிறார். இவ்விளக்கம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அதனால் நாள் மெய்யாகிவிடுமா? சாவு நாளிலிருந்து கருவான நாளைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்குக்கும், பத்துப் பொருத்தம் பார்க்கும் சோதிடர் கணக்குக்கும் எவ்வளவு தூரம்?

ஆகவே, கடன் வாங்கிய நாளோ கணக்குப் போட்ட நாளோ, எதுவாயினும், குறித்தவர் மனிதரே. 386-ஐ ஒட்டி அந்தியோக்கியாவில் பேசிய கிரிசோஸ்தம், இந்த நாள் தம் மக்களுக்குத் தெரியவந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை என்று தாமே கூறினார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் சனவரி 6-லேயே நிற்கிறது. இங்கிலாந்தின் தூய்மைவாதக் கிறித்தவரோ, வேதத்தில் இதற்கு ஆதாரமில்லை என்றனர். 1647-இல் நாடாளுமன்றமே விழாவை ஒழித்து ஆணையிட்டது. பழைய நாட்காட்டியின்படி சனவரி 7-இல் வந்த அரசு விடுமுறையை, உக்ரைன் 2023-இல் சட்டமியற்றி டிசம்பர் 25-க்கு மாற்றியது. சபை குறிக்கிறது, சட்டம் ஒழிக்கிறது, மற்றொரு சட்டம் மாற்றுகிறது! ஆண்டவன் கட்டளை என்றால், இத்தனை கைகள் அதில் திருத்தம் போடுமா?

இளைஞர்க்கு நாம் சொல்வது இதுதான். பிறந்தநாள் தெரியாது என்பது வரலாறு. தெரியும் என்பது நம்பிக்கை. திருடினர் என்று அடித்துச் சொல்வது அவசரம். 'மனிதர் குறித்தது' என்ற உண்மை ஒன்றே போதும். அதற்கு மேல் ஒட்டுப்போடத் தேவையில்லை. ஒட்டுப்போட்டால் எதிரி ஒட்டைக் கிழிப்பான். ஊரார் உண்மையும் கிழிந்ததென்று எண்ணிக்கொள்வர். பகுத்தறிவு பிறர் வீட்டுக் கதவைத் தட்டும் தடியன்று. அது நம் கையிலுள்ள தராசு. நம் சரக்கையும் அதில்தான் நிறுக்கவேண்டும்.