டீ ஆறிப்போச்சு தம்பி!

எடுத்தவர்களே எடிட்டும் செய்ய வேண்டும். விஸ்காம் படிப்பில் எங்கள் குறும்பட புராஜெக்டுக்கு இருந்த ஒரே விதி இதுதான். இதைப் போட்ட புண்ணியவானுக்குக் கோயில் கட்டினாலும் தகும்! கேமராவில் என்ன செய்ய வேண்டும் என்பதை எடிட்டிங் டைம்லைன் சொல்லிக் கொடுக்கிற மாதிரி வேறு எந்த வாத்தியாரும் சொல்லித் தர முடியாது.

கதை சின்னதுதான். டீக்கடையில் அண்ணன், தம்பி, இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை. கடைக்குள் ஒரு பழைய டியூப் லைட். கேமராத் திரையில் இருட்டுப் பட்டைகளாக ஓடியது. கேமரா பிடித்த தோழி அலட்டிக்கொள்ளாமல் ஷட்டரை 1/60-இலிருந்து 1/50-க்கு மாற்றினாள். பட்டைகள் போன இடம் தெரியவில்லை! நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/50-இல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு மினுக்கு விழுவதால் வெளிச்சம் ஒரே சீராக நிற்கிறது. புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிப்போன சமாச்சாரம், கண்ணெதிரே நடக்கும்போது புல்லரிக்கிறது.

அப்புறம் டீ மாஸ்டர். அவர் கையைத் தூக்கி டீ ஆத்துவதை வைட் ஷாட்டில் முழுசாக எடுத்தோம். க்ளோஸப்பிலும் அதையே முதலிலிருந்து எடுத்தோம். "இன்னொருவாட்டி ஆத்துங்க மாஸ்டர்" என்று கேட்டுக் கேட்டே அவரை ஒரு வழி பண்ணிவிட்டோம். "டீ பச்சத்தண்ணியா ஆயிடுச்சு தம்பி, இதை யார் குடிக்கிறது?" என்றார் பாவம்! ஆனால் எடிட்டில் பார்க்க வேண்டுமே! கை பாதி உயரத்தில் இருக்கும்போது வைட்டை வெட்டி, அதே பாதி உயரத்தில் க்ளோஸப்பைச் சேர்த்தால் வெட்டியதே தெரியவில்லை. கண் அசைவின் பின்னாலேயே போய்விடுகிறது. இரண்டு ஷாட்டிலும் முழு அசைவும் இருந்ததால்தான் எந்த ஃப்ரேமில் வேண்டுமானாலும் வெட்ட முடிந்தது.

180 டிகிரிக் கோடு இன்னும் அட்டகாசம். எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும். எங்கள் இயக்குநர் அடங்குவானா? கோட்டைத் தாண்டியும் ஒன்று எடுத்து வைத்தான். அதில் வெட்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. "நீ யாரு கேக்கறதுக்கு?" என்று தம்பி சீறும் இடத்தில் அதைப் போட்டோம். அப்படிப் பொருந்தியது!

சும்மா வெறித்துக்கொண்டிருந்த அண்ணன் முகத்தின் ஷாட்டுக்கு அடுத்து காலி பெஞ்சை ஒட்டினால் ஏக்கம். தம்பியின் செல்போனை ஒட்டினால் எரிச்சல். முகம் என்னவோ ஒன்றுதான். 1919-இல் தொடங்கிய மாஸ்கோ திரைப்படப் பள்ளியில், ஃபிலிமுக்கே பஞ்சமான காலத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய லெவ் குலஷோவின் பெயரில் இந்த வித்தை இருக்கிறது. நூறு வருஷம் கழித்து, காசே இல்லாமல் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் அதைச் செய்து பார்த்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

சத்தத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். கிளாஸை வைக்கும் ‘ணங்’ முதலில் கேட்டு, பிறகு தம்பி முகம் வரும் அந்த ஜே-கட்டை நானே போட்டுவிட்டு நானே விசிலடித்தேன்.

இதற்கெல்லாம் என்ன எதிர்காலம் என்று கேட்பவர்களுக்கு: ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் ‘பீட்சா’ கொடுத்தார், நலன் குமரசாமி 2013-இல் ‘சூது கவ்வும்’ கொடுத்தார்.

எங்கள் அடுத்த படம் காசிமேடு மீன் ஏலம். விடியுமுன் இருட்டு, ஐஸ், கூச்சல். கேமரா எனக்குத்தான் என்று இப்போதே அடம்பிடித்து வாங்கிவிட்டேன். எடிட்டும்தான்!