நட்சத்திரம் எனும் பெருக்கி

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் சி.என்.ஏ. ஆய்வு நிறுவனம், பருவநிலை மாற்றம் நாட்டின் பாதுகாப்பை எப்படிப் பாதிக்கும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கைக்கு முகம் கொடுத்தவர்கள் ஓய்வுபெற்ற 11 ஜெனரல்களும் அட்மிரல்களும். வறட்சியும் வறுமையும் அரசியல் குழப்பமும் ஏற்கெனவே வாட்டும் நாடுகளில், இருக்கிற ஆபத்துகளையெல்லாம் பருவநிலை மாற்றம் பல மடங்காக்கிவிடும் என்பது அவர்களுடைய வாதம். 'அச்சுறுத்தல் பெருக்கி' என்று அதற்கு ஒரு பெயரும் தந்தார்கள். அந்தச் சொல் பின்னர் உலக அரங்குகளிலெல்லாம் புழங்கியது.

ஓராண்டு கழித்து, 2008 ஏப்ரலில், நியூயார்க் டைம்ஸ் வேறொரு பெருக்கியை அம்பலப்படுத்தியது. தொலைக்காட்சிகளில் இராக் போரைப் பற்றி நடுநிலை நிபுணர்களைப் போலப் பேசிவந்த ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 75 பேருக்கும் மேற்பட்டவர்களை பென்டகன் தனியே திரட்டி, அரசுத் தரப்பை ஊட்டி அனுப்பியிருந்தது. அவர்களில் பலருக்குப் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது. பார்வையாளர்களுக்கு அது தெரியாது. பென்டகனின் உள் ஆவணங்கள் இந்த அதிகாரிகளைக் குறித்த சொல் 'செய்தி வலிமைப் பெருக்கிகள்'.

இரண்டு இடத்திலும் ஒரே சொல் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற தளபதிகளை ஆலோசகர்களாக அமர்த்தும் வழக்கத்தை எடைபோட அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பெருக்கிக்குத் தனியாக மதிப்புக் கிடையாது. எந்த எண்ணின் பக்கத்தில் நிற்கிறதோ அதைப் பல மடங்காக்கும். உண்மையோடு சேர்ந்தால் உண்மை பெருகும், பொய்யோடு சேர்ந்தால் பொய். தளபதியின் தோளில் இருக்கும் நட்சத்திரமும் அப்படித்தான்.

முதலில் இந்த வழக்கத்தின் பலத்தைப் பார்ப்போம். முப்பத்தைந்து ஆண்டு படையில் இருந்தவர், ஆயிரக்கணக்கானவர்களுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் உரிய நேரத்தில் போய்ச்சேர வழி செய்தவர். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, விடிவதற்குள் முடிவெடுத்துப் பழகியவர். சி.என்.ஏ. குழுவின் தலைவரான ஜெனரல் கார்டன் சல்லிவன் இந்த அனுபவத்தைத்தான் பருவநிலை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். நூறு சதவீதம் உறுதியாகத் தெரியட்டும் என்று போர்க்களத்தில் காத்திருந்தால் கெடுதி நடந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அறிவியலாளர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் அவசரப்படுகிறார் என்று ஒதுக்கியிருப்பார்கள். சல்லிவன் பேசியது வானிலை அறிவியல் அல்ல, ஆபத்தை எதிர்கொள்ளும் முறை. அது அவருடைய சொந்த நிலம்.

2010இல் இன்னொரு நல்ல உதாரணம். 'மிஷன்: ரெடினெஸ்' என்ற அமைப்பின் பெயரில் ஒன்றுகூடிய ஓய்வுபெற்ற தளபதிகள் பள்ளி மதிய உணவைப் பற்றிப் பேசினார்கள். 17 முதல் 24 வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் படையில் சேர முடியாத அளவுக்கு உடல் பருத்தவர்கள் என்று அவர்களுடைய அறிக்கை எச்சரித்தது. பள்ளி உணவின் தரத்தை உயர்த்தும் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், ஊட்டச்சத்து நிபுணரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத நாடாளுமன்ற உறுப்பினரும் படைக்கு ஆள் எடுத்துப் பழகியவரின் பேச்சைக் கேட்பார் அல்லவா?

இந்த இரண்டு குழுக்களும் தாம் அறிந்ததைப் பேசின. தம்மிடம் யாரும் எதிர்பார்க்காததைப் பேசின. பேசியதை யார் வேண்டுமானாலும் படித்து மறுக்கும்படி வெளியே வைத்தன. இவற்றில் எது இல்லாமல் போனாலும் என்ன ஆகும் என்பதற்கு தெரானோஸ் நிறுவனம் சாட்சி.

விரல் நுனியில் எடுத்த சில சொட்டு இரத்தத்தில் எண்ணற்ற பரிசோதனைகள் செய்துவிடலாம் என்று சொல்லி அதை நடத்திவந்த எலிசபெத் ஹோம்ஸின் இயக்குநர் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிஸிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் இருந்தார்கள். கடற்படையின் முன்னாள் தலைவர் கேரி ரஃப்ஹெட் இருந்தார். மரைன் படை ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ் ஓய்வுபெற்ற கையோடு 2013இல் சேர்ந்தார். சட்டப்படி அவர்கள் இயக்குநர்கள். ஆனால் அந்தப் பெயர்கள் ஆற்றிய வேலை, முதலீட்டாளர் கண்ணுக்கு ஒரு மதிப்பைக் காட்டுவது. பரிசோதனைக்கூட வேலையில் ஊறியவர்களை அங்கே தேட வேண்டியிருந்தது.

மேட்டிஸ் சேர்வதற்கு முன்பே நடந்த ஒரு சம்பவம்தான் இதில் முக்கியம். 2012இல் அவர் பணியில் இருந்தபோது, தெரானோஸ் கருவியைப் போர்க்களத்தில் சோதித்துப் பார்க்க ஆர்வம் காட்டினார். ராணுவத்தில் மருத்துவ ஒழுங்குமுறைகளைக் கவனித்துவந்த ஒரு லெப்டினன்ட் கர்னல், இந்தக் கருவிக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் எங்கே என்று கேட்டார். ஹோம்ஸ் நேரடியாக ஜெனரலிடம் முறையிட்டார். விஷயம் மேலே போயிற்று, கூட்டம் நடந்தது. கடைசியில், எஞ்சிய இரத்த மாதிரிகளில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சமரசம் செய்தார்கள். அதுவும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜெனரல் நிறுவனத்தின் குழுவில் அமர்ந்தார்.

2021இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, தம் சொந்தப் பணம் சுமார் 85,000 டாலரை அதில் போட்டதாகவும், ஒரு கட்டத்துக்குப் பிறகு தெரானோஸைப் பற்றி எதை நம்புவதென்றே தெரியவில்லை என்றும் மேட்டிஸ் சொன்னார். ஹோம்ஸுக்கு 2022 நவம்பரில் பதினோரு ஆண்டுக்கும் மேலான சிறைத்தண்டனை கிடைத்தது.

மேட்டிஸை ஏமாளி என்றோ பேராசைக்காரர் என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. படையில் அவர் நிறையப் படிப்பவர் என்று பெயர் எடுத்தவர், தம் பணத்தையும் இழந்தவர். தவறு எங்கே நேர்ந்தது என்றால், அவருடைய பலம் எதுவோ அங்கேயேதான். படையில் ஒரு தளபதிக்கு முன்னால் வைக்கப்படும் விளக்கம் பல கைகளால் சரிபார்க்கப்பட்டது. அதில் பொய் சொன்னவருக்கு ராணுவ நீதிமன்றம் காத்திருக்கிறது. ஆகவே தளபதி அதை நம்பி முடிவெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையில் திரையில் ஓடும் விளக்கம் பெரும்பாலும் வியாபாரப் பேச்சு. பொய் சொன்னவருக்குத் தண்டனை வர ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். அரைகுறைத் தகவலில் துணிந்து முடிவெடுக்கும் சல்லிவனின் பழக்கமும் மேட்டிஸின் பழக்கமும் ஒன்றே. சீருடை இருந்த இடத்தில் அது துணிவு, சீருடை இல்லாத இடத்தில் அதுவே கண்மூடித்தனம் ஆகிவிடலாம்.

அடுத்தது பணம். 1994 முதல் 1998 வரை ஓய்வுபெற்ற மூன்று, நான்கு நட்சத்திரத் தளபதிகளில் பாதிக்கும் குறைவானவர்களே பாதுகாப்புத் தொழிலில் ஆலோசகர்களாகவோ நிர்வாகிகளாகவோ சேர்ந்தார்கள். 2004 முதல் 2008 வரை ஓய்வுபெற்றவர்களில் அது 80 சதவீதம் என்று பாஸ்டன் குளோப் 2010இல் கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு யு.எஸ்.ஏ. டுடே, படைகளுக்கே 'மூத்த வழிகாட்டிகள்' என்ற பெயரில் ஆலோசனை சொல்லிவந்த 158 பேரை அடையாளம் கண்டது. மணிக்கு 300 டாலருக்கு மேல் பெற்றவர்கள் உண்டு. பத்தில் எட்டுப் பேருக்கு ஒப்பந்த நிறுவனங்களோடும் உறவு. காலையில் படையின் எதிர்காலத் திட்டத்துக்கு யோசனை, மாலையில் அந்தத் திட்டத்துக்குப் பொருள் விற்கும் நிறுவனத்துக்கு யோசனை.

பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2010இல் செய்த மருந்து எளியது. யாரையும் விலக்கவில்லை. வழிகாட்டிகள் அரசு ஊழியர்களாகச் சேர வேண்டும், சம்பளத்துக்கு உச்சவரம்பு, வேறு வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றார். பெரும்பாலானவர்கள் விலகிக்கொண்டார்கள். நாட்டுக்காக அறிவைப் பகிர்கிறோம் என்று சொன்னவர்கள் கணக்கைக் காட்டச் சொன்னதும் எழுந்து போனார்கள் என்றால், அங்கே பகிரப்பட்டது எது?

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெறுபவர் வீட்டில் சும்மா உட்கார வேண்டுமா? பொதுப்பணத்தில் சேர்ந்த அனுபவம் வீணாகலாமா? கூடாது. முற்றிலும் தடை செய்வது சி.என்.ஏ. குழுவின் அந்த 11 பேரின் வாயையும் கட்டிவிடும். விதிகளை மட்டும் நம்பவும் முடியாது. தொலைக்காட்சி நிபுணர்கள் விவகாரத்தை விசாரித்த பென்டகனின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், 2011இல், விதிமீறல் எதுவும் இல்லை என்றே முடித்தது. அப்படியானால் பார்க்க வேண்டியது ஆளை அல்ல, அவர் உட்காரும் நாற்காலி எப்படிப்பட்டது என்பதை.

நம் ஊரில் அப்படி ஒழுங்காகச் செய்த நாற்காலி ஒன்று உண்டு. 1999 ஜூலையில் அமைக்கப்பட்ட கார்கில் மறுஆய்வுக் குழுவுக்கு, திருச்சியில் பிறந்த பாதுகாப்புச் சிந்தனையாளர் கே. சுப்பிரமணியம் தலைவர். ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், அரசு அதிகாரி சதீஷ் சந்திரா மற்றவர்கள். நால்வரில் ஒருவர்தான் ராணுவக்காரர். களம் தெரிந்தவர் வேண்டும் என்பதால் அவர் இருந்தார். களம் மட்டுமே தெரிந்தவர் போதாது என்பதால் மற்ற மூவர் இருந்தார்கள். காலவரையறை இருந்தது, கேள்வி தெளிவாக இருந்தது. 2000 பிப்ரவரியில் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, நாடாளுமன்றத்துக்கு வந்தது. உளவுத்துறையின் குறைகளை அது மறைக்கவில்லை. அந்த அறிக்கை கிளப்பிய கேள்விகள் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி உருவாகும்வரை ஓயவில்லை.

அங்கே நட்சத்திரம் பெருக்கியாக வேலை செய்யவில்லை. ஒரு எண்ணாக, மற்ற எண்களோடு கூட்டப்பட்டது. இந்த வழக்கத்தைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தளபதியை அழைக்கும் நிறுவனம் அவரை எந்தக் கேள்விக்கு அழைக்கிறது என்று எழுதிவைக்கட்டும். அவர் வேறு எங்கே சம்பளம் வாங்குகிறார் என்று வெளியிடட்டும். அவரை இடித்துரைக்கக்கூடிய, அவருக்குச் சல்யூட் அடித்துப் பழகாத ஒருவரை அதே மேசையில் உட்கார வைக்கட்டும்.

இடித்துரைக்கும் அந்த ஆள்தான் தெரானோஸ் மேசையில் இல்லாமல் போனார். இத்தனைக்கும் அவர் இருந்தார், வாசலுக்கு வெளியே. அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் அணியும் சின்னத்தில் நட்சத்திரம் கிடையாது, வெள்ளி நிறத்தில் ஓர் ஓக் இலை. ஒப்புதல் எங்கே என்று கேட்டது அந்த இலைதான்.